போக்குவரத்து ஆய்வறிக்கையை எந்தப் பக்கத்திலிருந்து வாசிப்பது?

லாரியின் அச்சில் ஏறும் எடை இரட்டிப்பானால் சாலையும் இரண்டு மடங்கு தேயும் என்றுதான் தோன்றும். உண்மையில் அது ஏறத்தாழ 16 மடங்கு தேய்கிறது. இதைத் தெரிந்துகொள்ள 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே வெவ்வேறு கனத்தில் சோதனைச் சாலைகள் போட்டார்கள். ராணுவ ஓட்டுநர்கள் அவற்றின்மேல் லாரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். சாலையை உடைப்பதுதான் வேலை. செலவில் பெரும்பகுதி அரசுப் பணம். எடை 2 மடங்கானால் தேய்மானம் 2×2×2×2, அதாவது 16 மடங்கு. அங்கே பிறந்த இந்த 'நான்காம் அடுக்கு விதி'யை வைத்துத்தான் இன்றும் பல நாடுகளில் சாலையின் கனத்தைக் கணக்கிடுகிறார்கள்.

பொதுப்பணத்தில் இப்படி எத்தனையோ போக்குவரத்து ஆய்வுகள் நடந்திருக்கின்றன, நடந்துகொண்டும் இருக்கின்றன. அறிக்கைகளில் பெரும்பாலானவற்றை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் வாசிக்கலாம். வாசிப்பவர்கள்தான் குறைவு. 200 பக்கத்தைத் திறந்து, முதல் பத்துப் பக்கம் முழுக்கத் திட்டத்தின் பெருமையும் கூட்டாளிகளின் முத்திரைகளும் இருப்பதைப் பார்த்தால் யாருக்கும் மூடத்தான் தோன்றும். மாணவர், நிருபர், உள்ளாட்சி உறுப்பினர், தன் தெருவுக்கு வேகத்தடை கேட்டு மனு எழுதுகிறவர் என யாராக இருந்தாலும், இப்படி ஒருமுறை மூடிவைத்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பொறியியல் தெரிய வேண்டாம். சதவீதக் கணக்கும் கொஞ்சம் சந்தேக புத்தியும் இருந்தால் சரி.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

'பாதுகாப்பான போக்குவரத்து' என்று தேடினால் ஆயுள் போதாது. 'இருவழிச் சாலையின் நடுவில் தடுப்பு வைத்தால் உயிரிழப்பு குறையுமா?' என்று தேடினால் ஒரு மாலையில் பதில் கிடைக்கும். கேள்வியில் மூன்று விஷயங்கள் இருக்கட்டும்: என்ன மாற்றம், எந்த மாதிரி இடத்தில், எதைக் குறைப்பதற்கு.

அந்த மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்வீடனை எடுத்துக்கொள்ளுங்கள். சாலையில் யாரும் சாகவோ ஆயுளுக்கும் முடங்கவோ கூடாது என்பதை நீண்டகால இலக்காக வைத்து 1997-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு கொள்கையை ஏற்றது. அடுத்த ஆண்டே, 13 மீட்டர் அகலச் சாலை ஒன்றில் மூன்று தடங்கள் போட்டு, எதிரெதிர்த் திசைகளுக்கு நடுவே எஃகு வடத்தைத் தடுப்பாகக் கட்டிப் பார்த்தார்கள். நடுத்தடம் சில கிலோமீட்டருக்கு ஒருமுறை திசை மாறும்; முந்திச் செல்ல இரு பக்கத்தாருக்கும் முறை வரும். அரசின் சாலை, போக்குவரத்து ஆய்வு நிறுவனமான விடிஐ இதைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. இப்படி மாற்றிய சாலைகளில் உயிரிழப்பு ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்தது. ஆனால் வண்டிகள் வடத்தில் மோதி நசுங்கும் சம்பவங்கள் நிறைய நடந்தன. 'விபத்துகளின் எண்ணிக்கை குறைந்ததா?' என்று மட்டும் கேட்டிருந்தால் இந்தத் திட்டம் சுமாராகத்தான் தெரிந்திருக்கும். 'சாவு குறைந்ததா?' என்று கேட்டதால்தான் அதன் மதிப்பு தெரிந்தது.

2. தேடும் இடங்கள்

ஐரோப்பிய ஒன்றியம் பணம் தரும் ஆய்வுத் திட்டங்களை கார்டிஸ் என்ற தரவுத்தளத்தில் தேடலாம். ஒன்றியம் ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்கும், 2021 முதல் 2027 வரையிலான ஹொரைசன் யூரோப் திட்டத்தில் போக்குவரத்துக்குத் தனிக் கட்டிடம் கிடையாது. பருவநிலை, ஆற்றல், போக்குவரத்து மூன்றும் ஒரே கூரையின் கீழ்தான். போக்குவரத்து ஆய்வுகளை மட்டும் பிரித்துப் பார்க்க டிரிமிஸ் என்ற ஐரோப்பிய ஆணையத் தளம் இருக்கிறது. உலகெங்கிலுமுள்ள அறிக்கைகளையும் கட்டுரைகளையும் சேர்த்துத் தேட டிரிட். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் கொண்டது, அமெரிக்காவின் போக்குவரத்து ஆய்வு வாரியம் நடத்துவது. 1920-இல் தொடங்கிய அந்த வாரியத்தின் சொந்த அறிக்கைகளையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நெதர்லாந்தின் சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ஸ்வோவ், நார்வேயின் போக்குவரத்துப் பொருளாதார நிறுவனம், இந்தியாவின் மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை தனித்தனியாகவும் வெளியிடுகின்றன.

இவற்றில் எதைத் திறந்தாலும் முதலில் தொகுப்பாய்வு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே விஷயத்தைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டதுதான் தொகுப்பாய்வு. உதாரணமாக, மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2008-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 61 ஆய்வுகளைச் சலித்து எடுத்தது: விபத்தில் சிக்கியவர் இறக்கும் வாய்ப்பை ஹெல்மெட் சுமார் 42 சதவீதமும், தலைக்காயத்தை சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது. இப்படி ஒன்று கையில் இருந்தால் அறுபத்திரண்டாவது ஆய்வைத் தனியாகப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை.

3. வினைச்சொல்லின் காலத்தைப் பாருங்கள்

இலக்கணம் இங்கே கைகொடுக்கும். திட்டத்தைப் பற்றிய செய்திக்குறிப்பு பெரும்பாலும் பணம் ஒதுக்கிய நாளில் எழுதப்படுகிறது. அதனால் அதில் எல்லாம் எதிர்காலம்: நெரிசலைக் குறைக்கும், உயிர்களைக் காக்கும், எரிபொருளை மிச்சப்படுத்தும். இதைப் படித்துவிட்டு 'குறைத்ததாம்' என்று அடுத்தவரிடம் சொல்லிவிடுகிறோம். நமக்கு வேண்டியது இறந்தகாலம். 'குறைந்தது', 'குறையவில்லை', 'அளக்க முடியவில்லை' என்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று தேடுங்கள். அவை கடைசி அறிக்கையில், மதிப்பீடு என்ற அத்தியாயத்தில், பெரும்பாலும் பின்னிணைப்புக்கு முந்தைய பக்கங்களில் ஒளிந்திருக்கும். அதனால் நான் எந்த அறிக்கையையும் பின்னாலிருந்துதான் வாசிக்கிறேன். 'வரம்புகள்' என்ற பகுதி இருந்தால் முதலில் அது.

தொழில்நுட்பம் சார்ந்த திட்டம் என்றால் முதிர்ச்சிப் படியையும் பாருங்கள். நாசாவில் தொடங்கிப் பிற இடங்களுக்கும் பரவிய அளவுகோல் இது. 1 முதல் 9 வரை. அடிப்படைக் கொள்கையைக் கவனித்த நிலை 1. உண்மையான சூழலில் முழுதாக இயங்கி நிரூபித்த நிலை 9. ஓர் ஆய்வு 3-இலிருந்து 5-க்கு நகர்ந்தால் அது நல்ல ஆய்வுதான். அதற்காக அடுத்த ஆண்டு அது தெருவுக்கு வந்துவிடாது.

தானியங்கிக் கார் இதற்கு நல்ல பாடம். ஐரோப்பாவில் 1987-இல் தொடங்கி 1995 வரை நடந்த புரோமிதியஸ் திட்டத்தில் பெரும் பொதுப்பணம் புழங்கியது. அதன் முடிவில் ஜெர்மன் ஆய்வாளர் எர்ன்ஸ்ட் டிக்மான்ஸ் குழுவின் கார் மியூனிக்கிலிருந்து டென்மார்க் வரை போய்த் திரும்பியது. மனிதர் கை வைக்காமல் ஓடிய மிக நீண்ட தூரம் 158 கிலோமீட்டர். இதைப் படித்தவர்கள் இனி ஓட்டுநரே வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். ஒன்பது ஆண்டு கழித்து, 2004-இல், அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான தார்பா பாலைவனத்தில் போட்டி வைத்தபோது ஒரு வண்டிகூட எல்லையைத் தொடவில்லை. அதிக தூரம் போனது 12 கிலோமீட்டரைக்கூட எட்டவில்லை. மறு ஆண்டே ஐந்து வண்டிகள் முழுத் தூரத்தையும் ஓடி முடித்தன. முன்னேற்றம் இப்படித்தான், தேங்கித் தேங்கிப் பாயும். இதில் 'எப்போது வரும்' என்று தேதி சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

4. எண்ணைத் தட்டிப் பாருங்கள்

நான் விழுந்த குழி இதுதான். ஒரு சந்திப்பில் தரைக்குச் சிவப்புச் சாயம் அடித்தார்கள். மறு ஆண்டு விபத்து பாதியானது என்று ஓர் அறிக்கையில் படித்தேன். பார்த்தவரிடம் எல்லாம் சொன்னேன். இந்தத் துறையில் பழுத்த ஒருவர் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தச் சந்திப்பை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?" அந்த ஆண்டு அங்கே விபத்து அதிகம், அதனால்தான் என்றேன். "அப்போ சாயம் அடிக்காமலே குறைந்திருக்கும்" என்றார்.

புரியவில்லை. தாயக்கட்டையை வைத்து விளக்கினார். ஆறு முகக் கட்டைகள் இருபதை உருட்டுங்கள். 5 அல்லது 6 விழுந்தவற்றை மட்டும் 'ஆபத்தான கட்டைகள்' என்று தனியே எடுங்கள். அவற்றின் சராசரி ஐந்துக்கு மேல். இப்போது அவற்றின் தலையில் ஒரு சொட்டு சிவப்புச் சாயம் வைத்து மறுபடி உருட்டுங்கள். சராசரி மூன்றரைக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். சாயம் வேலை செய்துவிட்டது!

விபத்தும் ஓரளவு இப்படித்தான். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நீண்டகாலச் சராசரி உண்டு. ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை அதைச் சுற்றி ஏறி இறங்கும். உச்சத்தில் இருக்கும் ஆண்டைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த ஆண்டு இறங்கத்தான் அதிக வாய்ப்பு. சராசரிக்குத் திரும்புதல் என்று இதைச் சொல்வார்கள். கனடாவின் எஸ்ரா ஹாவர் போன்றவர்கள் இதைக் கழித்துவிட்டு உண்மையான பலனை மதிப்பிடும் கணக்குமுறையைச் சாலைப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தார்கள். அந்தக் கணக்கு நமக்குத் தெரிய வேண்டாம். அறிக்கையில் இதைப் பற்றிப் பேச்சு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இல்லையென்றால் அந்தச் சதவீதத்தை யாரிடமும் சொல்லாதீர்கள்.

கூடவே சில கேள்விகள். எதுவும் மாற்றாத இடங்களோடு ஒப்பிட்டார்களா? முன்னும் பின்னும் சில ஆண்டுத் தரவாவது இருக்கிறதா, அல்லது ஆறே மாதமா? சதவீதத்துக்குப் பின்னால் உள்ள எண்ணிக்கை என்ன? நான்கு விபத்து இரண்டானாலும் 50 சதவீதம், நானூறு இருநூறானாலும் 50 சதவீதம், இரண்டும் ஒன்றல்ல. விபத்து பக்கத்துத் தெருவுக்கு இடம் மாறிவிட்டதா? கருவியை விற்கும் நிறுவனமே மதிப்பீட்டையும் எழுதியிருக்கிறதா? கூட்டாளிப் பட்டியலையும் அத்தியாயத்தை எழுதியவர் பெயரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கடைசிக் கேள்விக்குப் பதில் வந்துவிடும்.

இந்தத் தலைவலியைக் குறைக்க அமெரிக்க நெடுஞ்சாலைத் துறை ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது. ஒவ்வொரு சாலை மாற்றத்துக்கும் விபத்துப் பெருக்கெண் ஒன்று தருகிறார்கள். 0.80 என்றால் விபத்து 20 சதவீதம் குறையும் என்று எதிர்பார்க்கலாம்; 1.10 என்றால் 10 சதவீதம் கூடும். ஆய்வின் தரத்துக்கு ஏற்ப நட்சத்திரமும் உண்டு. புதியவர்கள் பெருக்கெண்ணைப் பார்த்துவிட்டு நட்சத்திரத்தை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் நட்சத்திரத்தை முதலில் பாருங்கள்.

விபத்தை எண்ணவே இல்லை, வேகத்தை மட்டும்தான் அளந்தோம் என்று சொல்லும் அறிக்கைகளும் உண்டு. உடனே ஒதுக்கிவிட வேண்டாம். விடிஐயில் பணியாற்றிய யோரன் நில்சன், சராசரி வேகத்துக்கும் விபத்துக்கும் உள்ள உறவைக் கணக்காக்கினார்: உயிர் போகும் விபத்துகள் ஏறத்தாழ வேகத்தின் நான்காம் அடுக்கில் மாறுகின்றன. வேகம் 5 சதவீதம் கூடினால் அவை சுமார் 20 சதவீதம் கூடும். மணிக்கு 100 கிலோமீட்டராக இருந்த சராசரி 90-க்கு இறங்கினால் மூன்றில் ஒரு பங்கு குறையும். (லாரி எடைக்கும் நான்காம் அடுக்கு, வேகத்துக்கும் நான்காம் அடுக்கு. தற்செயல்தான், ஆனால் நினைவில் நிற்கும்.) அதேபோல ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த முறை ஒன்று, மயிரிழையில் தப்பிய மோதல்களை எண்ணுகிறது. பல ஆண்டு காத்திருந்து விபத்தை எண்ணுவதைவிட, சில நாள் நின்று தப்பியவற்றை எண்ணுவது சீக்கிரம் முடியும். யாரும் அடிபட்டுக்கொள்ளும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

5. யாரை வைத்துச் சோதித்தார்கள்?

கார் மோதல் சோதனைகளில் உட்காரும் பொம்மை நெடுங்காலமாகச் சராசரி ஆணின் உருவம். பெண்ணுக்கு என்று வந்ததோ பெரும்பாலும் மிகச் சிறிய உடலுள்ள பெண்ணின் அளவுக்குச் சுருக்கிய பொம்மை. பின்னாலிருந்து மோதும் விபத்துகளில் கழுத்துச் சுளுக்குக் காயம் பெண்களுக்கே அதிகம் வருகிறது என்பது தெரிந்தும் இந்த நிலை நீடித்தது. ஐரோப்பிய ஒன்றியப் பணத்தில் நடந்த விர்ச்சுவல் என்ற திட்டத்தில்தான் விடிஐயின் ஆஸ்ட்ரிட் லிண்டர் தலைமையில் 162 சென்டிமீட்டர் உயரமும் 62 கிலோ எடையும் கொண்ட சராசரிப் பெண் பொம்மை உருவானது. சந்தை தானாகச் செய்யாத வேலை. பொதுப்பணம் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் சொல்லும் முதல் உதாரணமும் இதுதான்.

ஆகவே எந்த அறிக்கையிலும் யார் உள்ளே, யார் வெளியே என்று பாருங்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021-இல் சாலையில் இறந்தவர்கள் சுமார் 11.9 லட்சம் பேர். அதில் பாதிக்கு மேல் நடந்து போனவர்களும் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் போனவர்களும்தான். கார் மட்டுமே ஓடும் அகலமான சாலையில் தேறிய கருவி, பலவகை வண்டிகளும் நடப்பவர்களும் கலந்து போகும் தெருவில் தேறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

6. 'பசுமை' எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

வண்டியின் புகைக்குழாயில் மட்டும் அளந்தால் மின்சார வண்டிக்குப் பூஜ்ஜியம். மின்சாரம் எதிலிருந்து வந்தது, பேட்டரி எப்படிச் செய்யப்பட்டது என்று கோட்டைத் தள்ளித் தள்ளி வைத்தால் எண் மாறும். எது சரி என்பதைவிடக் கோடு எங்கே என்பதுதான் கேள்வி. அமெரிக்க எரிசக்தித் துறையின் பணத்தில் ஆர்கோன் தேசிய ஆய்வுக்கூடம் உருவாக்கிய கிரீட் என்ற கணக்கு மாதிரியை இலவசமாக இறக்கிக்கொண்டு நீங்களே கோட்டை நகர்த்திப் பார்க்கலாம். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

ஆய்வகத்தில் அளந்ததா, சாலையில் அளந்ததா என்றும் கேளுங்கள். ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், பிளக்-இன் ஹைபிரிட் கார்கள் சாலையில் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு, ஆய்வகச் சோதனை சொன்னதைவிடச் சராசரியாக மூன்றரை மடங்கு இருந்தது. உரிமையாளர்கள் எதிர்பார்த்த அளவுக்கு சார்ஜ் போடாததுதான் பெரிய காரணம்.

7. நிறுத்திய பிறகு என்ன ஆனது?

முன்னோட்டத் திட்டம் முடிந்ததும் கருவியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். கழற்றிய பிறகும் அளந்த அறிக்கை கிடைத்தால் விடாதீர்கள். ஸ்டாக்ஹோமில் 2006 ஜனவரி முதல் ஜூலை முடிய, நகர மையத்துக்குள் போய்வரும் வண்டிகளுக்கு நெரிசல் கட்டணம் வாங்கிப் பார்த்தார்கள். எல்லையைக் கடக்கும் வண்டிகள் சுமார் 20 சதவீதம் குறைந்தன. கட்டணத்தை நிறுத்தியதும் வண்டிகள் பெரும்பாலும் திரும்பி வந்துவிட்டன. 2007 ஆகஸ்டில் நிரந்தரமாகக் கொண்டுவந்தபோது மறுபடி குறைந்தன. போட்டது, எடுத்தது, போட்டது: பலன் கட்டணத்தால்தான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தெருவில் கிடைக்காது. முதலில் எதிர்த்த மக்கள் பலர் பார்த்த பிறகு மனம் மாறினார்கள் என்பதும் அந்த ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

8. எழுதிக் கேளுங்கள்

இவ்வளவு வாசித்தும் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தால் ஆய்வாளருக்கே மின்னஞ்சல் போடுங்கள். தொடர்பு ஆசிரியர் என்று ஒருவர் பெயர் அறிக்கையில் இருக்கும். தங்கள் அறிக்கையை வெளியாள் ஒருவர் படித்தார் என்பதே அவர்களில் பலருக்கு ஆச்சரியம். நீளமாகவே பதில் எழுதுவார்கள். கடிதம் சின்னதாக இருக்கட்டும். பக்க எண், அட்டவணை எண், உங்கள் கேள்வி. 'உங்கள் ஆய்வைப் பற்றி விளக்க முடியுமா' என்று பொதுவாகக் கேட்டால் செய்திக்குறிப்பைத் திருப்பி அனுப்புவார்கள். 'அட்டவணை 4-இல் ஒப்பீட்டுச் சந்திப்புகளை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்' என்று கேட்டால் தரவுக் கோப்பே வரலாம். பொதுப்பணத் திட்டங்கள் பலவற்றில் தரவை முடிந்தவரை திறந்து வைக்க வேண்டும் என்ற விதி உண்டு. தனிநபர் விவரம் இருந்தால் தர மாட்டார்கள், அது நியாயம். அப்போது தொகுத்த எண்களை மட்டுமாவது கேளுங்கள். இரண்டு வாரம் பதில் வரவில்லையென்றால், அறிக்கையில் இரண்டாவதாகப் பெயர் உள்ளவருக்கு எழுதுங்கள். கணக்கை உண்மையில் போட்டது பெரும்பாலும் அவராகத்தான் இருக்கும்.